தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: பரிமாறுறவரே பங்குதாரரா இருக்கற கடை

திருவனந்தபுரம் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி தம்பானூர் பக்கம் வெளிய வந்தீங்கன்னா, பஸ் ஸ்டாண்டை ஒட்டி செங்கல் சிவப்புல ஒரு வட்டக் கட்டடம், சங்கை நிமிர்த்தி வச்ச மாதிரி சுத்திச் சுத்தி மேல ஏறும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து மெடிக்கல் காலேஜுக்கும் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கும் ஆளை கூட்டிட்டு வர்ற எங்க ஊர்க்காரங்களுக்கு இந்தக் கடை நல்லாவே தெரியும். இதுக்கு ரிவ்யூ எழுதறவங்க பெரும்பாலும் கட்டடத்தை நாலு போட்டோ எடுத்துப் போட்டு, கட்லெட் சூப்பர்னு ஒரு வரி எழுதி முடிச்சிடறாங்க. அதையும் நான் சொல்றேன், ஆனா எனக்கு முக்கியமா சொல்லணும்னு இருக்கறது இந்தக் கடைக்கு ஓனர் யாருங்கறதைப் பத்தி. ஏன்னா நியாயமும் முதலாளித்துவமும் ஒத்துப்போகுமா போகாதான்னு படிச்சவங்க 200 வருஷமா சண்டை போடற விஷயத்துக்கு, இங்க ஒரு மசால் தோசை ஆர்டர் பண்ணி உக்காந்து யோசிச்சா பாதி விடை கண்ணு முன்னாடியே நடமாடுது.

முதல்ல கட்டடம். லாரி பேக்கர்ங்கற ஆர்க்கிடெக்ட் கட்டினது. இங்கிலாந்துல பிறந்து 1945-ல இந்தியா வந்து, கையில காசு கம்மியா இருக்கறவங்களுக்கும் நல்ல கட்டடம் வேணும், உள்ளூர் செங்கல்லயே அதை கட்டலாம்னு வாழ்நாள் பூரா பிடிவாதமா இருந்த மனுஷன், 1990-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, 2007-ல இதே ஊர்லதான் காலமானார். உள்ள போனா மாடின்னு தனித்தனியா கிடையாது, ஒரே தரை சரிவா நடுத்தூணை சுத்தி ஏறிக்கிட்டே போகும், வெளிச்சுவர் ஓரமா மேசையும் பெஞ்சும் கட்டடத்தோட சேர்த்தே கட்டிருப்பாங்க, தரை சரிவா இருந்தாலும் மேசை மட்டமா இருக்கும். சுவர்ல செங்கலை விட்டு விட்டு அடுக்கி வச்ச ஓட்டை வழியா காத்தும் வெளிச்சமும் வரும், மத்தியானத்துல அந்த வெளிச்சம் கட்டம் கட்டமா மேசை மேல விழும். வாசல்ல போலீஸ்காரர், லாட்டரி விக்கறவர், மெடிக்கல் ரிப்போர்ட் ஃபைலோட வந்த குடும்பம், பேக் மாட்டின வெளிநாட்டுக்காரங்க எல்லாம் ஒரே பெஞ்சு வரிசைல உக்காருவாங்க, ஏசி ரூம் தனி சாதா ரூம் தனிங்கற பேச்சே அந்தச் சுருள்ல வராது.

சாப்பாடு. மசால் தோசைக்குள்ள பீட்ரூட் போட்ட சிவப்பு மசாலா, கேரளா காபி ஹவுஸ்ல எங்க போனாலும் இதுதான். நம்ம ஊர் மஞ்ச உருளைக்கிழங்கு மசாலாக்கு பழகின நாக்குக்கு முதல்ல லேசா தித்திக்கும், சிலருக்கு கடைசி வரைக்கும் ஒத்துக்காது, எனக்கு பிடிக்கும். வெஜ் கட்லெட்டும் அதே பீட்ரூட் சிவப்புதான், மேல மொறுமொறுன்னு ரஸ்க் தூள், கூட கொஞ்சம் வெங்காயமும் தக்காளி சாஸும், சூடா வரும்போதே சாப்பிட்டுடணும். காபி கும்பகோணம் டிகிரி காபி மாதிரி கெட்டியா தொண்டைல நிக்கற காபி இல்ல, லைட்டா இருக்கும், கெட்டி காபியை எதிர்பார்த்துப் போகாதீங்க. விலை ரொம்ப நியாயம், நாலு பேர் போய் வயிறு நிறைய சாப்பிட்டுட்டு வந்தாலும் பில்லை பார்த்து பயப்பட வேண்டாம்.

இனி ஆளுங்க. வெள்ளை யூனிஃபார்ம், இடுப்புல அகல பெல்ட்டு, தலைல விசிறி வச்ச தலைப்பாகை, தலைப்பாகைல போற பட்டையோட கலரு அவங்கவங்க பொறுப்புக்கு தகுந்த மாதிரி மாறும். வெள்ளைக்காரன் காலத்துல சாப்பாடு பரிமாறுறவனுக்கு மாட்டிவிட்ட டிரஸ்ஸு அது. அதே டிரஸ்ல இன்னைக்கு நம்ம மேசைக்கு தண்ணி கொண்டு வந்து வைக்கறாரே, அவருக்கு இந்த நிறுவனத்துல ஷேர் இருக்கு, ஓட்டு இருக்கு. கல்லால உக்காந்துருக்கறவர் வேற ஜாதி வேற வசதில இருந்து வந்து உக்காந்தவர் இல்ல, அவரும் அடுக்களைல பாத்திரம் கழுவற வேலைல சேர்ந்து, பரிமாறி, சமைச்சு, படிப்படியா மேல வந்தவர்தான், இங்க அதுதான் வழக்கம். தலை நரைச்ச ஒரு சேட்டன்கிட்ட நான் கேட்டேன், மேனேஜர் உங்களை திட்டினா என்ன பண்ணுவீங்கன்னு. "திட்டட்டும், அடுத்த எலெக்‌ஷன் வருமில்ல"ன்னு சிரிச்சுட்டு தட்டை எடுத்துட்டு சரிவுல மேல ஏறிப் போயிட்டார். ஒரு ஓட்டல் தொழிலாளி வாயில இருந்து இப்படி ஒரு பதிலை நான் வேற எங்கயும் கேட்டதில்ல.

இது எப்படி வந்துதுன்னு தெரிஞ்சா இன்னும் மதிப்பு கூடும். 1930கள்ல உலகம் பூரா விலை விழுந்து காபி தோட்டக்காரங்க கஷ்டத்துல இருந்தப்ப, உள்ளூர்லயே காபி குடிக்கற பழக்கத்தை வளர்க்கணும்னு காபி செஸ் கமிட்டி ஆரம்பிச்சதுதான் இந்தியா காபி ஹவுஸ், 1936-ல பம்பாய்ல முதல் கடை. அப்புறம் சர்க்காரோட காபி போர்டு கைக்கு வந்து நாடு பூரா பரவுச்சு. 1950கள் நடுவுல காபி போர்டு இந்தக் கடைகளை மூடிடலாம்னு முடிவெடுத்துச்சு, தொழிலாளிங்க நடுத்தெருவுக்கு வந்துட்டாங்க. அப்ப அவங்க யூனியனுக்கு தலைவரா இருந்தவர் ஏகேஜின்னு கூப்பிடற ஏ.கே.கோபாலன், கேரளாவோட பெரிய கம்யூனிஸ்ட் தலைவர், பார்லிமெண்ட் உறுப்பினர். வேலை குடு வேலை குடுன்னு சர்க்கார்கிட்ட கேட்டுக்கிட்டே நிக்காம, கடையையே நீங்க எடுத்து நடத்துங்கன்னு தொழிலாளிங்களுக்கு சொன்னது அவர்தான். 1957-ல பெங்களூர்ல முதல் தொழிலாளர் கூட்டுறவு சங்கம், அதே வருஷம் டெல்லில அவங்களோட கடை, 1958-ல திருச்சூர்ல கேரளாவோட முதல் கடை. கேரளா காபி ஹவுஸ்கள் இன்னைக்கும் ரெண்டு சங்கத்துக்கு கீழ ஓடுது, தெக்க திருச்சூர் சங்கம், வடக்க கண்ணூர் சங்கம். தம்பானூர் கடை திருச்சூர் சங்கத்தோடது. சுவர்ல ஏகேஜி படம் மாட்டிருக்கறதை பார்த்து கட்சி ஆபீஸோன்னு நினைக்க வேண்டாம், இவங்க சோத்துக்கு வழி பண்ணினவர்ங்கற நன்றி அது.

இப்ப விஷயத்துக்கு வரேன். முதலாளித்துவம்னா மார்க்கெட், லாபம், போட்டி எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டைன்னு நாம நினைச்சுக்கறோம், புடிக்கறவங்க மொத்தமா புடிக்குதுங்கறாங்க, புடிக்காதவங்க மொத்தமா வேணாங்கறாங்க. இந்தக் கடை அந்த மூட்டையை பிரிச்சுக் காட்டுது. மார்க்கெட் இங்க இருக்கு, எதிர்ல இருக்கற ஓட்டலோட போட்டி இருக்கு, தோசைக்கு விலை இருக்கு, லாபம் வரலைன்னா மூட வேண்டியதுதான். இல்லாதது ஒன்னே ஒன்னு, பணம் போட்டவன்ங்கற ஒரே காரணத்துக்காக வேலை செய்யறவன் மேல அதிகாரம் பண்ற ஆளு. மில்டன் ஃபிரீட்மேன்னு ஒரு அமெரிக்க பொருளாதார அறிஞர் 1970-ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரை எழுதினார், கம்பெனியோட சமூகப் பொறுப்பே சட்டத்துக்கும் விதிக்கும் உட்பட்டு லாபத்தை கூட்டறதுதான், மேனேஜருங்கறவர் பங்குதாரரோட ஏஜெண்டு, அவங்க காசை எடுத்து தர்மம் பண்ண அவருக்கு உரிமை கிடையாதுன்னு. இதை படிச்சு கோவப்பட்டவங்க ஏராளம். ஆனா அதே வாக்கியத்தை தம்பானூர் கடைல வச்சுப் பாருங்க. மேனேஜர் பங்குதாரரோட ஏஜெண்டு, சரி. பங்குதாரர் யாரு? தட்டு தூக்கறவர், தோசை சுடறவர், பாத்திரம் கழுவறவர். லாபத்தை கூட்டுன்னா இவங்க சம்பளத்தையும் போனஸையும் கூட்டுன்னு அர்த்தம் ஆகிடுது. ஃபிரீட்மேன் சொன்ன விதி அப்படியே இருக்கு, ஓனர் மட்டும் மாறிட்டாங்க, அதுல அந்த விதியோட நியாயமே வேற மாதிரி ஆகிடுச்சு. சண்டை எல்லாம் லாபத்தை பத்தினதுன்னு நினைக்கறோம், எனக்கு தோணறது என்னன்னா பாதி சண்டை யாரு யாருக்கு உத்தரவு போடறாங்கங்கறதை பத்தினது.

இதை நான் புஸ்தகத்துல படிச்சு மட்டும் சொல்லல. எனக்கு நெருங்கின உறவுக்கார பையன் ஒரு பெரிய ஊர்ல பேர் வாங்கின ஒரு ஓட்டல்ல வேலை பார்த்தான், பேர் வேண்டாம். கிளாஸ் உடைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்க, யார் கை பட்டு உடைஞ்சுதுன்னு கேள்வியே கிடையாது. கஸ்டமர் குடுக்கற டிப்ஸை கல்லால போட்டுடணும், மாசக் கடைசில அது எங்க போச்சுன்னு கேட்கக்கூடாது. பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர் தலையாட்டணும். ஓட்டலை விட்டு வெளிய வந்தா அவனும் ஓட்டு போடற குடிமகன், எம்எல்ஏவை மாத்தறதுல அவனுக்கும் பங்கு இருக்கு, உள்ள நுழைஞ்ச நிமிஷத்துல இருந்து 12 மணி நேரம் அவனுக்கு வாயே கிடையாது. ராபர்ட் டால்னு ஒரு அமெரிக்க அரசியல் அறிஞர் 1985-ல கேட்டது இதைத்தான், நாட்டை ஆள ஜனநாயகம் நியாயம்னா கம்பெனியை ஆள மட்டும் அது எப்படி நியாயம் இல்லாம போகும்? வேலை பிடிக்கலைன்னா விட்டுட்டு போகலாமேன்னு சொல்லுவாங்க. போகலாம், அடுத்த ஓட்டலுக்கு போகலாம், அங்கயும் அதே கல்லா அதே சூப்பர்வைசர்.

எதிர் தரப்புல உருப்படியா கேள்வி கேட்டவர் ராபர்ட் நோசிக்னு ஒரு அமெரிக்க தத்துவ அறிஞர். 1974-ல அவர் சொன்னது, தொழிலாளிங்களே நடத்தற கம்பெனியை சுதந்திர மார்க்கெட் தடுக்கலையே, அது அவ்வளவு நல்லதுன்னா ஆரம்பிக்க வேண்டியதுதானே, யூனியன்கள்கிட்ட பணம் இருக்கே, ஏன் எங்க பார்த்தாலும் அதையே காணோம்னு. இது நேர்மையான கேள்வி, இடதுசாரி நண்பர்கள் இதை சும்மா தள்ளிவிடறது எனக்கு பிடிக்காது. என் பதில், ஆரம்பிக்கற நேரத்துல யார் கைல என்ன இருக்குங்கறதை அந்தக் கேள்வி கணக்குல எடுத்துக்கல. பேங்குல லோன் கேட்டா சொத்து பத்திரம் கேப்பான், தட்டு கழுவறவன்கிட்ட ஏது பத்திரம்? வெளிய இருந்து பணம் போடறவன் ஓட்டும் சேர்த்து கேப்பான், இங்க ஒருத்தருக்கு ஒரு ஓட்டுதான், எத்தனை ஷேர் வச்சிருந்தாலும். அதனால பணம் வராது. காபி ஹவுஸ் வந்தது கூட எல்லாரும் உக்காந்து திட்டம் போட்டு வந்ததில்ல, ஏற்கனவே பேரு இருந்த கடைகள், தொழில் தெரிஞ்ச ஆளுங்க, வேலை போன கோவம், கூடவே ஒரு தலைவர், இவ்வளவும் ஒரே நேரத்துல அமைஞ்சதால வந்தது. அந்த மாதிரி நேரம் எல்லா தொழில்லயும் வராது. இன்னொரு பக்கம், நோசிக் கேள்வில உண்மையும் இருக்கு: சேமிப்பு, வேலை ரெண்டையும் ஒரே கடைல போட்டா கடை படுத்தா ரெண்டும் போகும், அந்த ரிஸ்க்கை எல்லாரும் விரும்ப மாட்டாங்க. கொரோனா காலத்துல ஓட்டல் தொழிலே முடங்கினப்ப அடி விழுந்தது இவங்க தலைலயும்தான்.

ஜான் ஸ்டூவர்ட் மில்னு ஒரு ஆங்கிலேய தத்துவ அறிஞர் 19-ஆம் நூற்றாண்டு நடுவுலயே எழுதிட்டார், மனுஷகுலம் முன்னேறிக்கிட்டே போனா கடைசில ஜெயிக்கப்போறது தொழிலாளிங்க சரிசமமா சேர்ந்து, மூலதனத்தையும் தாங்களே வச்சுக்கிட்டு, தாங்களே தேர்ந்தெடுத்து தாங்களே நீக்கக்கூடிய மேனேஜருக்கு கீழ வேலை செய்யற ஏற்பாடுதான்னு. அதைச் சொன்னவர் தாராளவாதி, போட்டி நல்லதுன்னு கடைசி வரைக்கும் நம்பினவர். மார்க்ஸும் 1864-ல கூட்டுறவு தொழிற்சாலைகளை பாராட்டினார், எஜமானர் வர்க்கம் இல்லாமலே பெரிய அளவுல உற்பத்தி நடக்கும்னு இவங்க செஞ்சு காட்டிட்டாங்கன்னு. ஆனா அதோட விடல, பழைய அமைப்புக்குள்ள முளைச்சதால அதோட குறை எல்லாம் இதுலயும் வரும், தொழிலாளி தனக்குத்தானே முதலாளி ஆகிடறான்னும் எழுதினார். ஸ்பெயின்ல பாஸ்க் நாட்டு மோன்ட்ராகான் இதுக்கு சாட்சி. 1956-ல ஒரு பாதிரியார் வழிகாட்டி ஆரம்பிச்சது, உலகத்துலயே பேர் பெற்ற தொழிலாளர் கூட்டுறவு குழுமம், மேல இருக்கறவர் சம்பளம் கீழ இருக்கறவரோடதுக்கு இத்தனை மடங்குக்கு மேல போகக்கூடாதுன்னு விதி வச்சிருக்காங்க. அதே மோன்ட்ராகான் வெளிநாட்டுல தொழிற்சாலை திறந்தப்ப அங்க இருக்கற தொழிலாளிங்க உறுப்பினர் இல்ல, வெறும் சம்பளக்காரங்க. ஃபாகோர்னு அவங்களோட ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கம்பெனி 2013-ல திவாலாச்சு. போட்டி மார்க்கெட்டுக்குள்ள நல்லவனா இருக்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு, அந்த எல்லை எங்கன்னு இந்த மாதிரி இடங்கள்லதான் தெரியுது.

நம்ம தமிழ்நாட்டுல கூட்டுறவுன்னா மனசுல வர்றது ரேஷன் கடையும் நகைக்கடனும்தான். நமக்கும் பெருமையான வரலாறு இருக்கு, திருவல்லிக்கேணில 1904-ல ஆரம்பிச்ச டியூசிஎஸ்ங்கற திருவல்லிக்கேணி நகர கூட்டுறவு சங்கம் நாட்டுலயே பழமையான கூட்டுறவு பண்டகசாலைகள்ல ஒன்னு, ஆனா அது வாங்கறவங்களுக்கான சங்கம், வேலை செய்யறவங்களோடது இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் பெருசு. பொருள் வாங்கறவன் ஓனரா இருந்தா விலை குறையும், கல்லால நிக்கறவன் நிலைமை அப்படியே இருக்கலாம். அது போக நம்ம சங்கங்கள் பல வருஷம் தேர்தலே இல்லாம தனி அலுவலர் கைல கிடந்தது, உறுப்பினர் அட்டை வச்சிருக்கறவருக்கு தான் ஒரு ஓனருங்கற எண்ணமே போயிடுச்சு. தேர்தல் நடக்காத கூட்டுறவுக்கு கூட்டுறவுன்னு பேர் வைக்கறதுல எனக்கு சம்மதம் இல்ல. புதுச்சேரி நேரு வீதில ஒரு இந்தியன் காபி ஹவுஸ் இருக்கு, அந்தப் பக்கம் இருக்கறவங்க அங்க போய் பாருங்க.

குறையை சொல்லாம விட்டா இந்த ரிவ்யூ நேர்மையா இருக்காது. கேரளா காபி ஹவுஸ்கள்ல பல பத்து வருஷமா பெண்களை வேலைக்கே எடுக்கல. ஊர் பூரா சமத்துவம் பேசற மாநிலம், சுவர்ல ஏகேஜி படம், ஆனா தலைப்பாகை எல்லாம் ஆம்பளை தலைலதான் இருந்துச்சு. ஒருத்தருக்கு ஒரு ஓட்டுங்கறது உள்ள வந்தவங்களுக்கு மட்டும்தான் நியாயம் பண்ணும், யாரை உள்ள விடறதுன்னு முடிவு பண்றதும் அதே உள்ள இருக்கறவங்கதான். முதலாளி ஒருத்தன் பாரபட்சம் பண்ணா அவனை திட்டலாம், ஓட்டு போட்டு ஜனநாயக முறைல ஒரு கூட்டமே கதவை சாத்தினா யாரை போய் கேக்கறது? இங்கதான் ஓனர்ஷிப்பை மாத்திட்டா எல்லாம் சரியாகிடும்ங்கற வாதம் எனக்கு பத்தாம போகுது. வெளிய நிக்கறவங்களுக்கு அந்த ஓட்டுல இடமே இல்ல, அவங்களுக்கு சட்டமும் சமூக நெருக்கடியும்தான் துணை. இந்தியன் காபி ஹவுஸை நேசிக்கறவங்க எல்லாரும் இதை சங்கத்துக்கிட்ட சத்தமா கேக்கணும், நான் போறப்ப எல்லாம் புகார் புஸ்தகம் கேட்டு வாங்கி இதைத்தான் எழுதிட்டு வரேன்.

என் ரேட்டிங்: கட்டடத்துக்கு 5, கட்லெட்டுக்கு 4, மசால் தோசைக்கு 4, காபிக்கு 3. நடத்தற விதத்துக்கு 4, குறைச்ச 1 மேல சொன்ன காரணத்துக்காக.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். ட்ரெயினுக்கு இன்னும் பத்தே நிமிஷம்தான் இருக்குன்னா உள்ள போகாதீங்க, நிதானமா உக்கார வேண்டிய கடை அது. மூட்டு வலி இருக்கற பெரியவங்களை கூட்டிட்டு போனா கீழ்ச் சுத்துலயே இடம் பிடிச்சுக்கங்க, தரை விடாம சரிவா ஏறிக்கிட்டே இருக்கும். மேல உக்காந்தீங்கன்னா காபி, தோசை, தண்ணி எல்லாத்தையும் ஒரே தடவைல சொல்லிடுங்க, ஒன்னொன்னா கேட்டீங்கன்னா ஒவ்வொன்னுக்கும் அந்த சேட்டன் முழுச் சரிவையும் இறங்கி ஏறணும்.